கோட்டுருவியலில் ‘இணைப்பு’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைதாப்பேட்டையில் மாலை நேரங்களில் பொறியியல் மாணவர்களுக்குத் தனிநிலைக் கணிதம் சொல்லித் தருகிறேன். கோட்டுருவியலில் ‘இணைப்பு’ என்ற பகுதிக்கு வந்தவுடன் போன ஆண்டு கேட்ட கேள்விகளே இந்த ஆண்டும் வருகின்றன, பெரும்பாலும் அதே வரிசையில். நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்த அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாணவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பேச்சு நடையை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றினேன்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. கல்லூரியில் கிராஃப் என்று படிப்பதைக் கோட்டுரு என்கிறேன். வெர்டெக்ஸ் என்னும் புள்ளி முனை, இரு முனைகளை இணைக்கும் எட்ஜ் என்னும் கோடு விளிம்பு. ஒரு முனையைத் தொடும் விளிம்புகளின் எண்ணிக்கை அதன் படி. தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் திசையற்ற, முடிவுள்ள கோட்டுருவையே பேசுகிறேன். எடுத்துக்காட்டாகச் சென்னை மெட்ரோவின் முதல் கட்டம் அடிக்கடி வரும்: விம்கோ நகர் பணிமனையிலிருந்து விமான நிலையம் வரை நீலத் தடம், சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை பச்சைத் தடம். நிலையம் முனை, அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தண்டவாளம் விளிம்பு.

கோட்டுரு இணைந்திருக்கிறது என்றால் எல்லா முனைகளுக்கும் இடையே நேராகக் கோடு இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எந்த இரு முனைகளை எடுத்தாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விளிம்பு விளிம்பாகப் போய்ச் சேர ஒரு பாதை இருந்தால் போதும். விம்கோ நகரில் ஏறி விமான நிலையத்தில் இறங்குகிறோம். நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தாலும் அவ்விரண்டும் இணைந்தவைதான். எல்லா முனைகளுக்கும் இடையே நேரடி விளிம்பு இருந்தால் அதற்கு முழுக் கோட்டுரு என்று தனிப் பெயர் உண்டு.

இதன் மறுபக்கத்தில் ஒரு தவறு வரும். படத்தில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அங்கே இணைப்பு இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் முனைகளாக வைத்து, இரண்டு மூலைவிட்டங்களை மட்டும் வரையுங்கள். பார்வைக்கு ஒரே உருவமாகத் தெரியும். கோட்டுருவாக அது இரண்டு துண்டு. கத்திப்பாராவில் மேம்பாலத்துக்குக் கீழே போகிறவர், மேலே போகும் சாலைக்கு அந்த இடத்திலேயே மாறிவிட முடியாது அல்லவா? வெட்டும் இடத்தில் முனை குறிக்கப்படாத வரை அங்கே ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு முனை, விளிம்பே இல்லை. அதுவும் இணைந்ததா?

ஆம். ஒரு முனையிலிருந்து அதே முனைக்கு நீளம் 0 கொண்ட பாதை இருக்கிறது. தேர்வில் தயங்காமல் எழுதலாம்.

கூறு என்பதற்கு வரையறை எழுதும்போது ‘பெரும’ என்ற சொல்லை விட்டால் ஏன் மதிப்பெண் குறைக்கிறீர்கள்?

அந்தச் சொல் போனால் வரையறையே போய்விடுகிறது. கூறு என்பது இணைந்த பெரும உட்கோட்டுரு. அதாவது இணைப்பு கெடாமல் இன்னொரு முனையையோ விளிம்பையோ அதற்குள் சேர்த்துக்கொள்ள முடியாத அளவுக்கு நிறைந்தது. எழும்பூர், நேரு பூங்கா என்ற இரு நிலையங்களை மட்டும் எடுத்தால் அது இணைந்த உட்கோட்டுருதான். ஆனால் கூறு ஆகாது, ஏனெனில் சென்ட்ரலையும் சேர்த்துக்கொள்ளலாம், அடுத்ததையும் சேர்க்கலாம், முழு வரைபடமும் உள்ளே வரும் வரை சேர்த்துக்கொண்டே போகலாம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ‘இங்கிருந்து அங்கே போக முடியும்’ என்ற உறவு ஒரு சமான உறவு: தன்னிடமிருந்து தனக்குப் போகலாம், போனால் திரும்பி வரலாம், இரண்டு பயணங்களை ஒட்டினால் மூன்றாவது பயணம் கிடைக்கும். அந்த உறவு முனைகளைப் பிரிக்கும் வகுப்புகளே கூறுகள். இரண்டு கூறுகளுக்குப் பொது முனை ஏன் இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

விளிம்புகளை எண்ணிப் பார்த்தே இணைந்ததா இல்லையா என்று சொல்லிவிட முடியாதா?

ஓரளவு முடியும். 10 முனைகளை இணைக்கக் குறைந்தது 9 விளிம்புகள் வேண்டும். விளிம்பே இல்லாத நிலையில் 10 கூறுகள் இருக்கின்றன. ஒரு விளிம்பைச் சேர்த்தால் கூறுகளின் எண்ணிக்கை அதிகம் போனால் ஒன்று குறையும். ஆகவே 8 விளிம்புகளால் 10 முனைகளை இணைத்ததாக ஒரு விடைத்தாளில் பார்த்தால் மேலே படிக்காமலே தவறு என்று சொல்லிவிடலாம். சரியாக 9 விளிம்புகளோடு இணைந்திருந்தால் அது மரம்.

ஆனால் 9 இருப்பதாலேயே இணைந்துவிடாது. 36 இருந்தாலும் இணையாமல் இருக்கலாம்: ஒன்பது முனைகளுக்குள் சாத்தியமான 36 விளிம்புகளையும் போட்டுவிட்டுப் பத்தாவது முனையைத் தனியே விட்டால் முடிந்தது. இரு முனைகளுக்கு இடையே ஒரு விளிம்புக்கு மேல் கூடாது என்ற வழக்கமான விதிப்படி, 37 ஆகும்போதுதான் இணைந்தே தீர வேண்டிய நிலை வருகிறது. 9க்கும் 36க்கும் நடுவே எண்ணிக்கை மட்டும் எதையும் தீர்மானிக்காது. விளிம்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாக வேண்டும்.

படிகளைப் பார்ப்பது மொத்த எண்ணிக்கையைவிட நல்ல அளவுகோல். 10 முனைகளில் ஒவ்வொன்றின் படியும் 5 அல்லது அதற்கு மேல் என்றால் இணைப்பு உறுதி. நேரடி விளிம்பு இல்லாத இருவரை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து அண்டை முனைகள், மொத்தம் பத்து. மீதி இருப்பதோ எட்டு முனைகள். ஒருவராவது இருவருக்கும் பொதுவாக இருந்தே ஆக வேண்டும்.

இணையாத கோட்டுருவின் நிரப்பி எப்போதும் இணைந்திருக்குமாமே, நம்பலாமா?

நம்பலாம், நிறுவலும் நாலே வரிதான். விளிம்பு உள்ள இடத்தில் நீக்கி, இல்லாத இடத்தில் போட்டால் நிரப்பி கிடைக்கிறது. முதல் கோட்டுருவில் வேறு வேறு கூறுகளில் இருந்த இரு முனைகளுக்கு நிரப்பியில் நேரடி விளிம்பு வந்துவிடும். ஒரே கூறில் இருந்த இருவருக்கு, வேறு கூறிலிருந்து ஒரு முனையை இடைநிலையமாக எடுத்துக்கொண்டால் இரண்டே விளிம்புகளில் பாதை கிடைக்கும்.

இணைந்த கோட்டுருவின் நிரப்பி இணையாமல் இருக்கும் என்று இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. ஐந்து முனைகளை வட்டமாக இணைத்து, தொடங்கிய முனைக்கே திரும்பும் சுற்றாக வரையுங்கள். அந்த ஐந்து முனைச் சுற்றின் நிரப்பியும் ஐந்து முனைச் சுற்றே, இரண்டும் இணைந்தவை.

பாலம் என்றால் ஆற்றுப் பாலம் மாதிரிதானே?

பெயர் அங்கிருந்து வந்தது, பொருள் அதைவிடக் கறாரானது. எந்த விளிம்பை நீக்கினால் கூறுகளின் எண்ணிக்கை கூடுகிறதோ அதுவே பாலம். வேறு சொற்களில், எந்தச் சுற்றிலும் இடம்பெறாத விளிம்பு. சுற்றில் இருந்தால், அதை நீக்கிய பிறகும் சுற்றின் மறுபாதி வழியாகப் போய்விடலாம்.

எங்கள் பகுதியில் அடையாற்றைக் கடக்கும் மறைமலை அடிகள் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிய மர்மலாங் பாலம் இருந்த இடம் அது. ஆற்றின் மீது அந்த ஒரு பாலம் மட்டுமே இருந்த நாட்களில் அது கணிதத்தின் பொருளிலும் பாலமாகவே இருந்திருக்கும். இன்று கோட்டூர்புரம் பாலம் இருக்கிறது, கிழக்கே திரு.வி.க. பாலம் இருக்கிறது, இன்னும் சில இருக்கின்றன. ஒன்றை மூடினால் சுற்றிக்கொண்டு போகலாம். ஆகவே இன்றைய சாலை வரைபடத்தில் மறைமலை அடிகள் பாலம், கோட்டுருவியல் சொல்லும் பாலம் ஆகாது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிமிடம் அமைதி வரும். பிறகு யாரும் வரையறையை மறப்பதில்லை.

வெட்டுமுனை, பாலம் இரண்டும் ஒன்றுதானே? முனை விட்டால் விளிம்பு, அவ்வளவுதானே?

இல்லை, ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நீக்கினால் கூறுகளின் எண்ணிக்கை கூடுகிற முனை வெட்டுமுனை. முனையை நீக்கும்போது அதைத் தொடும் விளிம்புகள் அனைத்தும் சேர்ந்து போகின்றன. விளிம்பை நீக்கும்போது அதன் இரு முனைகளும் அப்படியே நிற்கின்றன. இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாம் வருகின்றன.

இரண்டு முக்கோணங்களை ஒரு முனையில் ஒட்டுங்கள். ஒட்டிய முனை வெட்டுமுனை. பாலம் ஒன்றுகூட இல்லை, ஏனெனில் எல்லா விளிம்புகளும் ஏதோ ஒரு முக்கோணத்தில் இருக்கின்றன. எதிர்த்திசையில், பாலம் இருந்தால் வெட்டுமுனை இருக்குமா? பாலத்தின் ஒரு முனையின் படி 2 அல்லது அதற்கு மேல் என்றால் அது வெட்டுமுனைதான். படி 1 என்றால் இல்லை: விமான நிலையத்தை நீக்கினால் யாரும் யாரிடமிருந்தும் பிரிவதில்லை, நிலையம் ஒன்று குறைகிறது, அவ்வளவே.

மெட்ரோவில் எத்தனை பாலம், எத்தனை வெட்டுமுனை என்று எண்ணிக் காட்ட முடியுமா?

எண்ணிப் பார்ப்போம், தாளில் வரைந்துகொண்டு கூடவே வாருங்கள். நீலத் தடத்தில் 26 நிலையங்கள், பச்சைத் தடத்தில் 17. சென்ட்ரலும் ஆலந்தூரும் இரண்டுக்கும் பொது. ஆக 41 முனைகள். விளிம்புகள் நீலத்தில் 25, பச்சையில் 16, அவையும் 41. மரம் என்றால் 40தான் இருந்திருக்கும். ஒன்று கூடுதலாக இருப்பதால், இணைந்த இந்தக் கோட்டுருவில் சரியாக ஒரே ஒரு சுற்று இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி வழியாக ஆலந்தூர். அங்கிருந்து வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர், எழும்பூர் வழியாக மீண்டும் சென்ட்ரல். அதில் 25 முனைகள், 25 விளிம்புகள்.

மீதி 16 விளிம்புகளும் பாலங்கள்: சென்ட்ரலுக்கு வடக்கே 12, ஆலந்தூரிலிருந்து விமான நிலையம் நோக்கி 3, பரங்கிமலை நோக்கி 1. வெட்டுமுனைகள் 15. வடக்கு வாலில் உயர் நீதிமன்றத்திலிருந்து விம்கோ நகர் வரை 11, சென்ட்ரல், ஆலந்தூர், பிறகு நங்கநல்லூர் சாலையும் மீனம்பாக்கமும். மூன்று கடைசி நிலையங்களும், சுற்றின் மீதுள்ள மற்ற 23 நிலையங்களும் வெட்டுமுனைகள் அல்ல. தேனாம்பேட்டை நிலையத்தை நீக்கினால் நந்தனத்திலிருந்து ஆயிரம் விளக்குக்குப் போக வடபழனியைச் சுற்ற வேண்டியிருக்கும். நேரம் ஆகும், ஆனாலும் போய்ச் சேரலாம். இணைப்பு என்பது நேரத்தைக் கேட்பதில்லை.

ஒரு விளிம்பு எவ்வளவு மாற்றும் என்பதற்குப் பறக்கும் ரயிலைப் பாருங்கள். கடற்கரையில் தொடங்கி வேளச்சேரியோடு நிற்கும் தடமாக மட்டும் அதை எடுத்தால், புறநகர் தடத்தைவிட்டுப் பிரிந்த பிறகு வரும் விளிம்புகள் எல்லாம் பாலங்கள். அதைப் பரங்கிமலைக்கு நீட்டிப் புறநகர் ரயிலோடு சேர்க்கும் கணத்தில் அவ்வளவும் ஒரு சுற்றுக்குள் வந்துவிடுகின்றன. அந்தப் பாலங்களில் ஒன்றுகூட மிஞ்சாது.

எல்லா முனைகளின் படியும் பெரிதாக இருந்தால் பாலம் வராதுதானே?

வரும். நூறு முனை முழுக் கோட்டுருக்கள் இரண்டை எடுத்து நடுவில் ஒரே ஒரு விளிம்பால் சேருங்கள். ஒவ்வொரு படியும் குறைந்தது 99. அந்த ஒரு விளிம்பு பாலம்.

ஆனால் எல்லாப் படிகளும் இரட்டை எண்ணாக இருந்தால் பாலம் வராது. இது எனக்கு மிகப் பிடித்த கணக்கு. பாலம் இருப்பதாக வைத்துக்கொண்டு அதை நீக்குங்கள். இரு பக்கமும் பிரிந்து நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால், பாலத்தின் முனையாக இருந்த ஒரே ஒரு முனையின் படி ஒற்றை, மற்றவை அனைத்தும் இரட்டை. கூட்டினால் ஒற்றை எண். ஆனால் படிகளின் கூட்டுத்தொகை விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு, ஒற்றையாக இருக்கவே முடியாது. முரண்பாடு.

சார், எல்லாப் படியும் இரட்டை என்றால் ஆயிலர் சுற்று உண்டு என்று எழுதினேன். தவறு என்று போட்டுவிட்டார்கள். ஏன்?

‘இணைந்த’ என்ற சொல்லை விட்டிருப்பீர்கள். ஆயிலர் சுற்று என்பது ஒவ்வொரு விளிம்பையும் சரியாக ஒருமுறை கடந்து, தொடங்கிய முனைக்கே திரும்பும் நடை. தொடாத இரண்டு முக்கோணங்களை வரையுங்கள்: எல்லாப் படியும் 2, ஆனால் ஒரே நடையில் ஆறு விளிம்புகளையும் கடக்க முடியாது. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி ஆயிலர் 1736இல் எழுதியபோது அங்கே நான்கு நிலப்பகுதிகளும் பாலங்களால் சேர்ந்தே இருந்தன. சிக்கல் ஒற்றைப் படிகளில் மட்டும் இருந்தது. அந்தக் கதையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இணைப்பு நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால், விளிம்பு உள்ள முனைகள் எல்லாம் ஒரே கூறில் இருந்தால் போதும்.

இணைப்பெண் என்று ஒன்று சொல்கிறார்கள். இணைந்ததா இல்லையா என்ற கேள்விக்கு எண் எதற்கு?

இந்தப் பகுதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘இணைந்திருக்கிறதா?’ என்பது ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி. ‘எவ்வளவு போனால் பிரியும்?’ என்பதுதான் கேட்கத் தகுந்த கேள்வி. குறைந்தபட்சம் எத்தனை முனைகளை நீக்கினால் கோட்டுரு பிரிகிறதோ அது முனை இணைப்பெண். குறைந்தபட்சம் எத்தனை விளிம்புகளை நீக்கினால் பிரிகிறதோ அது விளிம்பு இணைப்பெண். வெட்டுமுனை இருந்தால் முன்னது 1. பாலம் இருந்தால் பின்னது 1. மெட்ரோவுக்கு இரண்டுமே 1. அதன் சுற்றை மட்டும் தனியே எடுத்தால் இரண்டுமே 2.

முழுக் கோட்டுருவில் எத்தனை முனைகளை நீக்கினாலும் மீதி பிரியாது. அதற்கு முனை இணைப்பெண், முனைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு என்று வழக்கமாக வைத்துக்கொள்கிறோம். இது நாம் செய்துகொண்ட ஏற்பாடு. நிறுவல் தேட வேண்டாம்.

முனை இணைப்பெண் ≤ விளிம்பு இணைப்பெண் ≤ குறைந்தபட்சப் படி. மூன்றும் வேறு வேறாக இருக்கும் எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு. இந்தச் சமனின்மை 1932இல் ஹாஸ்லர் விட்னி நிறுவியது. எடுத்துக்காட்டை நீங்களே கட்டலாம். ஒரே குடியிருப்பில் முதல் மாடியில் ஐந்து பேர், இரண்டாம் மாடியில் ஐந்து பேர். ஒவ்வொரு மாடியிலும் எல்லாரும் எல்லாருக்கும் பழக்கம். முதல் மாடியில் ஒருவர் மட்டும் இரண்டாம் மாடியில் இரண்டு பேரோடு பேசுவார். வேறு பேச்சு கிடையாது. அந்த ஒருவர் ஊருக்குப் போனால் மாடிகள் பிரிந்துவிடும்: முனை இணைப்பெண் 1. யாரும் ஊருக்குப் போகாமல் பேச்சை மட்டும் நிறுத்துவதென்றால் இரண்டு நட்புகள் முறிய வேண்டும்: விளிம்பு இணைப்பெண் 2. குறைந்தபட்சப் படி 4.

வலது பக்கச் சமனின்மை எளிது. குறைந்த படியுள்ள முனையின் விளிம்புகளை எல்லாம் நீக்கினால் அது தனித்துவிடும். இடது பக்கத்துக்கு, வெட்டும் ஒவ்வொரு விளிம்புக்கும் பதில் அதன் ஏதோ ஒரு முனையை நீக்க முயலுங்கள். ஒரு பக்கம் முழுவதும் காலியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும்.

மெங்கர் தேற்றம் ஏன் அவ்வளவு பெரிது? பார்த்தால் தெரிகிற விஷயம்தானே?

பாதிதான் பார்த்தால் தெரியும். தேற்றம் இது: நேரடி விளிம்பு இல்லாத இரு முனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பிரிக்க நீக்க வேண்டிய முனைகளின் குறைந்தபட்ச எண்ணிக்கையும், இடையில் பொது முனை இல்லாமல் அவற்றுக்கு நடுவே போடக்கூடிய பாதைகளின் அதிகபட்ச எண்ணிக்கையும் சமம். மூன்று தனித்தனிப் பாதைகள் இருந்தால் மூன்றையும் அடைக்கக் குறைந்தது மூன்று முனைகள் வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும் பாதி.

மறுபாதியை யோசியுங்கள். மூன்று முனைகளுக்குக் குறைவாக நீக்கிப் பிரிக்க முடியாது என்று மட்டும் தெரிகிறது. அதனாலேயே மூன்று தனித்தனிப் பாதைகள் எங்கோ இருந்தாக வேண்டும் என்று எப்படிச் சொல்வீர்கள்? பாதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எந்த இரண்டை எடுத்தாலும் எங்காவது சந்தித்துக்கொண்டே இருக்கலாமே? இருக்காது என்பதுதான் கார்ல் மெங்கர் 1927இல் கண்டது. அவருடைய நிறுவலில் இருகூறு கோட்டுருக்களை, அதாவது முனைகள் இரு பக்கமாகப் பிரிந்து பக்கம் விட்டுப் பக்கம் மட்டுமே விளிம்பு உள்ள கோட்டுருக்களை, பற்றிய ஒரு பகுதி விடுபட்டிருந்தது. அதை நிரப்பியவர் ஹங்கேரியின் தேனேஷ் கேனிக். இவ்வளவு பெரியவர்களுக்கே தடுக்கிய இடம் என்றால் பார்த்தவுடன் தெரிகிற விஷயமாக அது இருக்க முடியாது.

நான் ஒவ்வொரு பாதையாக எடுத்துக்கொண்டே போனேன். ஒன்றுதான் கிடைத்தது. புத்தகம் இரண்டு என்கிறது. மெங்கர் தேற்றம் தவறா?

தேற்றம் சரி, முதலில் எடுத்த பாதை இரண்டாவதின் வழியை மறித்துவிட்டது. இந்தச் சிறு கோட்டுருவை வரையுங்கள். தொடக்கத்திலிருந்து ‘அ’, ‘ஆ’ இரண்டுக்கும் விளிம்பு. ‘அ’விலிருந்து ‘இ’, ‘ஈ’ இரண்டுக்கும். ‘ஆ’விலிருந்து ‘ஈ’க்கு மட்டும். ‘இ’, ‘ஈ’ இரண்டிலிருந்தும் முடிவுக்கு. முதலில் தொடக்கம், அ, ஈ, முடிவு என்று எடுத்தால் வேலை நின்றுவிடும்: ‘ஆ’வுக்கு ‘ஈ’யை விட்டால் வேறு கதியில்லை. குறுகிய பாதையை எடுத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். இங்கே எடுத்தது குறுகிய பாதைகளில் ஒன்றுதான்.

தப்பும் வழி, எடுத்த முடிவை ஓரளவு திரும்பப் பெறுவது. தொடக்கத்திலிருந்து ‘ஆ’, ‘ஆ’விலிருந்து ‘ஈ’. அங்கே பழைய பாதை குறுக்கிடுகிறது. அது வந்த வழியே ‘அ’வுக்குப் பின்னோக்கிப் போய், அ–ஈ விளிம்பை ரத்து செய்துவிட்டு, ‘அ’விலிருந்து ‘இ’ வழியாக முடிவுக்குப் போங்கள். இப்போது மிஞ்சுவது இரண்டு தனிப் பாதைகள்: ஒன்று அ, இ வழியாக; மற்றது ஆ, ஈ வழியாக. ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1956இல் வெளியிட்ட பாய்வு முறையின் உள்ளே இருப்பது இந்தப் பின்னோக்கும் அடிதான். இதை ஒருமுறை கையால் செய்துபார்த்தவர்களுக்கு மெங்கரின் கடினமான பாதியும் வசப்பட்டுவிடும்.

வெட்டுமுனை இல்லாவிட்டால் எந்த முனைகளையும் ஒரே சுற்றில் கொண்டுவரலாமா?

எந்த இரண்டையும் கொண்டுவரலாம், முனைகள் குறைந்தது மூன்று இருந்து கோட்டுரு இணைந்திருந்தால். இதுவும் விட்னியினுடையதே, மெங்கர் தரும் இரண்டு தனிப் பாதைகளை ஒட்டினால் சுற்று. எந்த மூன்றையும் என்று கேட்டால் முடியாது. இரண்டு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம், பக்கம் விட்டுப் பக்கம் எல்லா விளிம்புகளும் என்று வரையுங்கள். மூவரையும் தொடும் சுற்றுக்கு இடையில் மூன்று பேர் வேண்டும். எதிரில் இருப்பது இருவர்தான்.

ஒருவழிச் சாலைகள் வந்தால் இதெல்லாம் என்ன ஆகும்?

‘போனால் திரும்பலாம்’ என்று கூறுகளைப் பற்றிச் சொன்னபோது எடுத்துக்கொண்டது இப்போது கைவிட்டுப் போகிறது. அதனால் இரண்டு வகை வைக்கிறோம். அம்புக்குறிகளை அழித்துப் பார்த்தால் இணைந்திருப்பது வலுக்குறைந்த இணைப்பு. எங்கிருந்தும் எங்கும் அம்பின் திசையிலேயே போக முடிந்தால் வலுவான இணைப்பு. தியாகராய நகரில் ஒருவழிகளைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலுவான கூறுகளுக்கு இடையே விளிம்புகள் இருக்கலாம், ஆனால் ஒரு திசையில் மட்டும். இதையும் மறக்கக் கூடாது.

ஒரு நகரின் எல்லாச் சாலைகளையும் ஒருவழியாக்கிவிட்டு, ஆனாலும் எவரும் எங்கும் போகலாம் என்று வைக்க முடியுமா? ஹெர்பர்ட் ராபின்ஸ் 1939இல் இதற்கு விடை தந்தார்: சாலை வரைபடம் இணைந்திருந்து, பாலம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தால் முடியும், பாலம் இருந்தால் முடியாது. முடியாது என்பது தெளிவு, பாலத்தை ஒருவழியாக்கினால் போனவர் திரும்ப மாட்டார். முடியும் என்பதற்கு, ஆழம் நோக்கிய தேடல் (முடிந்த வரை முன்னே போய், புதிய முனை இல்லாதபோது மட்டும் பின்வாங்கும் தேடல்) செய்து, புதிய முனைகளைக் கண்ட மர விளிம்புகளைத் தொடக்க முனையாகிய வேரிலிருந்து கீழ்நோக்கியும் மற்றவற்றை மேல்நோக்கியும் திருப்பினால் போதும். நம் மெட்ரோவை அப்படித் திருப்ப முடியாது, 16 பாலங்கள் இருக்கின்றன. சுற்றை மட்டும் திருப்பலாம்.

பாலம் கண்டுபிடிக்க ஒவ்வொரு விளிம்பாக நீக்கிச் சோதித்தால் போதாதா? அந்த ‘தாழ்வெண்’ எல்லாம் எதற்கு?

சிறிய கோட்டுருவுக்குப் போதும். லட்சம் விளிம்புகள் என்றால் லட்சம் முறை முழுத் தேடல் நடத்த வேண்டும். ராபர்ட் டார்ஜன் 1972இல் காட்டிய ஆழம் நோக்கிய தேடல் வழியில் ஒரே தேடலில் எல்லாம் கிடைக்கிறது. முனைகளைக் கண்ட வரிசையில் எண்ணிடுங்கள். ஒரு முனையிலிருந்து புதிதாகக் கண்ட முனை அதன் குழந்தை, முந்தையது பெற்றோர்; ஏற்கெனவே கண்ட மேல் முனைக்குத் திரும்பும் விளிம்பு பின்னோக்கு விளிம்பு. ஒவ்வொரு முனைக்கும், அதன் கிளையிலிருந்து ஒரே ஒரு பின்னோக்கு விளிம்பால் எட்டக்கூடிய மிகச் சிறிய எண்ணைக் குறியுங்கள், அதுவே தாழ்வெண். குழந்தையின் தாழ்வெண் பெற்றோரின் எண்ணைவிடப் பெரியது என்றால் அந்த விளிம்பு பாலம். பெரியது அல்லது சமம் என்றால் பெற்றோர் வெட்டுமுனை. அந்த ‘சமம்’ ஏன் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை என்று தடுமாறினால் ஒட்டிய முக்கோணங்களுக்குத் திரும்பிப் போங்கள்: அங்கே சமம்தான் வருகிறது.

நிரலில் இரண்டு இடங்களில் தவறு நேரும். வேருக்கு அந்த விதி பொருந்தாது. அதற்குக் குறைந்தது இரண்டு குழந்தைகள் இருந்தால்தான் வெட்டுமுனை. அடுத்து, இரு முனைகளுக்கு இடையே இரட்டை விளிம்புகள் இருந்தால் ‘பெற்றோருக்குத் திரும்பாதே’ என்று முனையை வைத்துத் தடுக்கக் கூடாது, வந்த விளிம்பை வைத்துத் தடுக்க வேண்டும். இல்லையென்றால் பாலம் இல்லாத இடத்தில் பாலம் காட்டும்.

அடையாற்றின் மீது பல பாலங்கள் இருக்கின்றன என்றீர்கள். 2015இல் ஏன் அக்கரைக்குப் போக முடியவில்லை?

இதைக் கேட்ட மாணவி ஜாபர்கான்பேட்டையில் வெள்ளத்தைக் கண்டவர். அந்த டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது ஒரே சமயத்தில் பல பாலங்களில் போக்குவரத்து நின்றது. விளிம்பு இணைப்பெண் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியே விழுவதாக வைத்துக்கொண்டு எண்ணுகிறது. ஒரே நீர் ஐந்து விளிம்புகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு போகும் இடத்தில், அந்த ஐந்தையும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.

கணிதத்தில் இதற்கும் வடிவம் உண்டு. ஒன்றாக விழக்கூடிய விளிம்புகளுக்கு ஒரே நிறம் கொடுங்கள். இரு முனைகளைப் பிரிக்கக் குறைந்தபட்சம் எத்தனை நிறங்களை நீக்க வேண்டும் என்று கேளுங்கள். கேள்வி கொஞ்சமே மாறியிருக்கிறது. ஆனால் பாய்வு முறையால் விரைவாகத் தீர்ந்த கணக்கு இப்போது என்பி-கடினம் என்ற, விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத வகைக்குப் போய்விடுகிறது. மெங்கரும் துணைக்கு வருவதில்லை. இரு முனைகளுக்கு நடுவே மூன்று தனித்தனிப் பாதைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு விளிம்புகள் என்று வரையுங்கள். முதல் பாதைக்குச் சிவப்பும் பச்சையும், இரண்டாவதற்குப் பச்சையும் நீலமும், மூன்றாவதற்கு நீலமும் சிவப்பும் பூசுங்கள். எந்த இரண்டு பாதைகளை எடுத்தாலும் ஒரு நிறம் பொதுவாக இருக்கிறது. ஆகவே நிறத்தால் தனித்து நிற்கும் பாதை ஒன்றுக்கு மேல் எடுக்க முடியாது. ஆனால் எந்த ஒரு நிறத்தை நீக்கினாலும் ஒரு பாதை தப்பிவிடுகிறது. பிரிக்க இரண்டு நிறங்கள் வேண்டும். ஒன்றும் இரண்டும் சமமாகவில்லை. அந்த மாணவி தாளில் வண்ணப் பென்சிலால் இதை வரைந்து முடித்தபோது, முதல் பாதைக்கு நந்தனம், இரண்டாவதற்குக் கோட்டூர்புரம், மூன்றாவதற்கு அடையாறு என்று பெயரும் எழுதியிருந்தார்.